ஒரே கணினி, ஆளுக்கொரு டெஸ்க்டொப்: வீட்டு லினக்ஸில் சூழல் மாற்றவும் நமக்கேற்றபடி அமைக்கவும் முழு வழிகாட்டி

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கிற கணினிக்குப் பத்து வயதுக்கு மேல். நாலு ஜிபி ராம், பழைய ஐ3 புரொசெசர். விண்டோஸ் 11 இதில் ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். போட்டது ஒரு மாலை வேலை. அதற்குப் பிறகுதான் வீட்டுப் பஞ்சாயத்து தொடங்கியது.

இந்த ஒரு பெட்டியை மூன்று பேர் பாவிக்கிறோம். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, கண்ணில் ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது. மகள் ஓ.எல். படிக்கிறாள். மற்றது நான். முதல் நாள் அம்மா வந்து உட்கார்ந்து, "மகன், எழுத்து ஒண்டும் தெரியிதில்ல" என்றார். எழுத்தைப் பெரிதாக்கினேன். மகள் வந்து, "அப்பா, ஸ்கிரீனில ஒண்டும் கொள்ளுதில்ல" என்று திரும்பச் சிறிதாக்கினாள். ஒரு கிழமை இப்படியே போனது. கடைசியில் ஆளுக்கொரு பயனர் கணக்கு, ஆளுக்கொரு டெஸ்க்டொப் சூழல் என்று பிரித்துக் கொடுத்தேன். அன்றோடு சண்டை நின்றது. அதை நீங்களும் செய்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் இருக்கிறபடியே சொல்கிறேன். கட்டளைகளை அடிக்கிற டெர்மினல் பக்கம் போகத் தேவையில்லை.

டெஸ்க்டொப் சூழல் என்றால் என்ன

விண்டோஸில் பழகிய நமக்கு, திரையில் தெரிவதும் உள்ளே ஓடுவதும் ஒன்றுதான் என்ற எண்ணம் இருக்கும். லினக்ஸில் அவை வேறு வேறு. அடியில், கணினியின் பாகங்களை இயக்குகிற லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது. அதற்கு மேலே நாம் பார்க்கிற பெனல் (திரை ஓரத்துப் பட்டை), மெனு, ஜன்னல் ஓரம், ஃபைல் மனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்புத்தான் டெஸ்க்டொப் சூழல். சேலையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை அல்லவா, அதேபோல் சூழலை மாற்றினாலும் உங்கள் படங்கள், கடிதங்கள், பாட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு சூழல் வேண்டுமென்று முழுக் கணினியையும் அழித்துத் திரும்பப் போட வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் ஒரு கடையில் கொடுத்து, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஃபோர்மட் செய்து வாங்கி, பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படங்களை இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் படங்கள் திரும்பி வரவேயில்லை.

பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: க்நோம், கேடிஈ பிளாஸ்மா, சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஈ. இவற்றில் கேடிஈயும் எக்ஸ்எஃப்சிஈயும் 1996இல் தொடங்கியவை, க்நோம் 1997இல். 2011இல் க்நோம் 3 வந்து பழைய தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, பிடிக்காதவர்கள் பழையதைக் காப்பாற்ற மாட்டேயை உருவாக்கினார்கள். மின்ட் குழு சினமனை உருவாக்கியது.

எதை எடுப்பது? பழைய கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஈ. நடுத்தரம், விண்டோஸ் சாயல் வேண்டும் என்றால் சினமன். எட்டு ஜிபி ராமும் ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்க்கிற ஆசையும் இருந்தால் பிளாஸ்மா. ஆனால் மின்ட் 18.3 பதிப்புக்குப் பிறகு கேடிஈக்கென்று தனிப் பதிப்பு விடுவதில்லை. ஆகவே பிளாஸ்மா வேண்டுமென்றால், அதோடு வருகிற குபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, கணினியில் போடாமலே லைவாக ஓட்டிப் பாருங்கள். மின்டின் மேல் அதைக் கட்ட வேண்டாம்.

சூழலை இலகுவாக்கினால் கணினி பறக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் உள்ளே இருக்கிறது என்றால், முதலில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள். எந்த டெஸ்க்டொப்பும் தராத வேகத்தை அது தரும். பிரவுசரில் பத்து டேப் திறந்தால் எந்தச் சூழலிலும் நாலு ஜிபி போதாது.

தொடங்க முன்

படங்களையும் முக்கியமான ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுங்கள். பிறகு மின்டோடு வருகிற டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து, ஆர்சிங்க் வகையைத் தெரிவு செய்து, ஒரு ஸ்னாப்ஷொட் (பிழைத்தால் திரும்பிப் போவதற்கான நகல்) எடுங்கள். டைம்ஷிஃப்ட் கணினியின் உள்ளமைப்பைத்தான் காக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரை வழமையாகத் தொடாது. அதனால் இரண்டும் வேண்டும்.

மறக்கக் கூடாதது கரண்ட். கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் மட்டக்களப்பில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. மென்பொருள் பாதி ஏறிய நேரத்தில் போனால், அடுத்த முறை கணினி ஒழுங்காகத் திறக்காமல் போகலாம். யூபிஎஸ் இல்லையென்றால் மழையில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். அப்படியும் இடையில் போய்விட்டால் பயப்பட வேண்டாம். கணினியைப் போட்டதும் எஸ்கேப் விசையைத் தட்டினால் ஒரு மெனு வரும். சில கணினிகளில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், பிறகு ரிக்கவரி மோட். அங்கே வரும் பட்டியலில், உடைந்த பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை)ச் சரிசெய்வதற்கான டிபிகேஜி என்ற வரி இருக்கும். அதை ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து வேலையை முடிக்கும்.

ஆளுக்கொரு கணக்கு

சூழலை ஏற்றுவதற்கு முன் பயனர் கணக்கைப் பிரியுங்கள். ஒரே கணக்கில் இரண்டு சூழலை மாறி மாறிப் பாவிக்கவும் முடியும், தடையில்லை. ஆனால் அவை ஒன்றின் சாமானில் மற்றது கை வைக்கும். ஒவ்வொரு சூழலும் தன் அமைப்புகளை உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கொன்ஃபிக் ஃபோல்டருக்குள் எழுதுகிறது. அங்கே சில விடயங்கள் பொது: எந்த ஃபைலை எந்த மென்பொருள் திறப்பது, லொகின் ஆனதும் தானாக எவை ஓடுவது என்பவை. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாறிவிடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் என் சொந்தக் கணக்கிலேயே பிளாஸ்மாவை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சினமனுக்குத் திரும்பினேன். பொத்தான்களின் வடிவம் மாறியிருந்தது, ஐகன்கள் வேறு, பிரவுசரின் எழுத்துரு வேறு. பிளாஸ்மா, ஜிடிகே என்ற வேறு கருவித்தொகுப்பால் கட்டிய மென்பொருள்களும் தன் தோற்றத்துக்குப் பொருந்தட்டும் என்று அவற்றின் அமைப்பு ஃபைல்களில் எழுதி வைக்கிறது. விட்டுப் போகும்போது அதை அழிப்பதில்லை. ஃபைல் ஃபைலாகத் தேடித் துப்புரவாக்க எனக்கு இரண்டு இரவு போனது.

ஆகவே சிஸ்டம் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ் போய், ஆட் அழுத்தி, ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறவுங்கள். கணக்கு வகையில் உங்களுக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர், மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட். அப்படியென்றால் தவறிப்போய்க்கூட அவர்களால் கணினியின் உள்ளமைப்பைக் கலைக்க முடியாது. சோதித்துப் பார்க்க மட்டும் "சோதனை" என்று இன்னொரு கணக்கும் வைத்திருங்கள். புதிய தீம் (தோற்றத் தொகுப்பு), புதிய ஆப்லெட் (பெனலில் வைக்கும் சிறு கருவி) எல்லாவற்றையும் முதலில் அங்கே போட்டுப் பாருங்கள்.

புதிய சூழலை ஏற்றுதல்

மின்ட் சினமனில் எக்ஸ்எஃப்சிஈயைச் சேர்ப்பதை உதாரணமாக எடுக்கிறேன். மெனுவில், மென்பொருள்களை ஏற்றவும் நீக்கவும் உதவுகிற சினாப்டிக் பேக்கேஜ் மனேஜரைத் திறந்து, முதலில் ரீலோட் அழுத்துங்கள். தேடும் பெட்டியில் மின்ட், மெட்டா என்ற இரு சொற்களையும் ஆங்கிலத்தில் இடையில் சிறு கோட்டுடன் அடித்தால் சில வரிகள் வரும். சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஈ என்று முடிகிற மூன்றும் அவற்றுள் இருக்கும். எக்ஸ்எஃப்சிஈ என்று முடிவதைக் குறியிட்டு, அப்ளை அழுத்துங்கள்.

உடனே ஒரு சிறு ஜன்னல் வந்து, எவ்வளவு தரவிறக்க வேண்டும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லும். அதை வாசிக்காமல் தாண்டாதீர்கள். போன் டேட்டாவில் இணைய வசதி எடுப்பவர்கள் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு இரவு டேட்டா நேரம் வரும்வரை பொறுக்கலாம்.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸில் இதைச் செய்பவர்கள் சுபுண்டு டெஸ்க்டொப் என்ற முழுத் தொகுப்பை எடுக்க வேண்டாம். அது தன் மென்பொருள்களையும், கணினி திறக்கும்போது வரும் படத்தையும்கூடக் கொண்டுவரும். சுபுண்டு கோர் என்ற சிறிய தொகுப்புப் போதும்.

க்நோம் அல்லது கேடிஈயை ஏற்றினால், இடையில் எந்த டிஸ்பிளே மனேஜர் வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். டிஸ்பிளே மனேஜர் என்றால் பாஸ்வேர்ட் கேட்கிற அந்த முதல் திரை. மின்டில் அது லைட்டிஎம். அதையே வைத்திருங்கள்.

மாறுதல்

லொக் அவுட் செய்யுங்கள். ஸ்கிரீனை லொக் செய்தால் போதாது, முழுதாக வெளியேற வேண்டும். லொகின் திரையில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டச் சின்னம் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுவார்கள். அதை அழுத்தினால் ஏற்றப்பட்டிருக்கும் சூழல்களின் பட்டியல் திறக்கும். எக்ஸ்எஃப்சிஈ செஷனைத் தொட்டு, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போங்கள். யார் கடைசியாக எதில் நுழைந்தார் என்பதைக் கணினி ஆளுக்கு ஆள் நினைவில் வைத்திருக்கும். ஒரு முறை தெரிவு செய்து கொடுத்தால் போதும், அம்மாவுக்கு அடுத்த முறையும் அதே சூழல்தான் வரும்.

உபுண்டுவின் க்நோம் லொகின் திரையில் பெயரைத் தொட்ட பிறகு கீழே வலது மூலையில் ஒரு பற்சக்கரச் சின்னம் வரும். வேலை அதேதான்.

மின்டின் பட்டியலில் சினமன் ஒன் வேலாண்ட் என்றும் ஒன்று தெரியலாம். அது இன்னும் பரிசோதனை நிலையில் இருப்பது. தினசரி வேலைக்கு எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு: எக்ஸ்எஃப்சிஈ

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், செலவழித்த நேரத்துக்குப் பலனும் கிடைத்தது. வயதானவருக்குக் கணினி அமைப்பது என்றால் எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பாவிப்பதைப் பார்த்த பிறகுதான் வேறு கஷ்டங்கள் தெரிந்தன.

முதலில் எழுத்து. செட்டிங்ஸில் அப்பியரன்ஸ், அதில் ஃபொன்ட்ஸ். கஸ்டம் டிபிஐ என்ற பெட்டி 96இல் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அம்மாவுக்கு 120 சரியாக இருந்தது. ஃபொன்ட் அளவைத் தனியாகக் கூட்டுவதைவிட இது நல்லது, ஏனென்றால் மெனு, ஜன்னல் தலைப்பு எல்லாம் ஒரே அளவில் வளரும்.

அடுத்தது மவுஸ். அம்மாவின் விரல் இரண்டு கிளிக்குக்கு இடையில் நின்றுவிடும், கணினி அதை இரண்டு தனிக் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். மவுஸ் அண்ட் டச்பேட் பகுதியில், பிஹேவியர் என்பதன் கீழ் டபுள் கிளிக் நேரத்தைக் கூட்டினேன். அதுவும் போதவில்லை. அப்புறம் டபுள் கிளிக்கையே எடுத்துவிட்டேன். டெஸ்க்டொப் அமைப்பில் ஐகன்ஸ் பக்கத்திலும், துணார் ஃபைல் மனேஜரின் பிரிஃபரன்ஸிலும் ஒரே கிளிக்கில் திறக்கும் வசதி இருக்கிறது. இரண்டு இடத்திலும் போட வேண்டும். அதே மவுஸ் பகுதியில் தீம் பக்கம் போய் அம்புக்குறியின் அளவை 24இலிருந்து 48 ஆக்கினேன். "இப்பதான் எங்க நிக்குதெண்டு தெரியுது" என்றார்.

பெனலின் மேல் வலது கிளிக், பெனல், பெனல் பிரிஃபரன்ஸ். ரோ சைஸை 48 அளவுக்குக் கொண்டுபோங்கள். லொக் பெனல் என்பதில் குறி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கை பட்டு இடம் மாறிவிடும். பாவிக்காத சின்னங்களை வலது கிளிக்கில் எடுத்துவிட்டு, வேண்டிய நாலைந்தை மட்டும் விடுங்கள். அம்மாவுக்கு மெனு, பிரவுசர், படங்கள், நேரம், ஒலி. அவ்வளவுதான்.

விண்டோ மனேஜர் ட்வீக்ஸில், நிழல் போன்ற அலங்காரங்களைத் திரையில் வரைகிற கொம்போசிட்டருக்கு ஒரு பக்கம் உண்டு. பழைய கணினியில் அதை நிறுத்தச் சொல்லிப் பலரும் எழுதுவார்கள், வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் முழுத் திரையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்ததுபோல் பெரிதாகும் வசதி அந்தக் கொம்போசிட்டர் இருந்தால்தான் வேலை செய்யும். கண் மங்கியவருக்கு அது பெரிய உதவி. நான் கொம்போசிட்டரை விட்டுவிட்டு நிழல்களை மட்டும் நிறுத்தினேன்.

கடைசியாக, செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் போய், தானாக ஓடும் மென்பொருள்களில் தேவையில்லாதவற்றின் குறியை எடுங்கள். பெயர் விளங்காததைத் தொடாதீர்கள். நெட்வொர்க், பொலிசிகிட் என்று இருப்பவை கட்டாயம் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பெனல் ப்ரொஃபைல்ஸ் என்ற கருவியைத் திறந்து அப்போதைய பெனல் அமைப்பைச் சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் சினாப்டிக்கில் ஏற்றிக்கொள்ளலாம். "மறுகா இது குழம்பினா என்ன செய்யிற?" என்று அம்மா கேட்டார். அந்தச் சேமிப்பைத் திரும்பப் போட்டால் பெனல் பழையபடி வந்துவிடும்.

மகளுக்கு: சினமன்

இங்கே நான் அதிகம் கை வைக்கவில்லை, அவளே செய்தாள். தீம்ஸ், ஆப்லெட்ஸ், டெஸ்க்லெட்ஸ், எக்ஸ்டென்ஷன்ஸ் நாலும் சிஸ்டம் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் டவுன்லோட் பக்கம் போய் நேரடியாக எடுக்கலாம். எக்ஸ்டென்ஷனை மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். ஐந்தைச் சேர்த்துப் போட்டுவிட்டு டெஸ்க்டொப் தடுமாறினால் எது காரணம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நாலு ஜிபி கணினியில் எஃபெக்ட்ஸை நிறுத்திவிடுங்கள்.

அவளுக்கு உண்மையில் பயன்பட்டது வேர்க்ஸ்பேஸ், அதாவது ஒரே திரையில் மாறி மாறிப் பார்க்கிற தனித்தனி வேலையிடம். கன்ட்ரோல், ஆல்ட், வலது அம்பு சேர்த்து அழுத்தினால் அடுத்த வேர்க்ஸ்பேஸ். ஒன்றில் கடந்தகால வினாத்தாள், மற்றதில் பாட்டும் நண்பர்களும். மின்ட் 22.1 முதல் சினமனில் நைட் லைட் வசதியும் வந்திருக்கிறது. இரவில் படிக்கும் பிள்ளைக்குத் திரையின் நீல வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுக்கும்.

தமிழ்

சூழல் மாறும்போது முதலில் குழம்புவது தமிழ்த் தட்டச்சு. மின்டில் இன்புட் மெதட் என்ற கருவியைத் திறந்து, பிறமொழித் தட்டச்சுக்கான ஐபஸ்ஸைத் தெரிவு செய்யுங்கள். சினாப்டிக்கில் ஐபஸ் எம்17என் என்ற பேக்கேஜை ஏற்றி, வெளியேறித் திரும்ப நுழையுங்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை எல்லாம் இருக்கும். இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் அங்கே உண்டு. தட்டச்சு படித்த அம்மா அதில்தான் வேகமாக அடிப்பார். இந்தத் தெரிவு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி, ஆகவே மூன்று பேருக்கும் மூன்று முறை செய்ய வேண்டும். மொழி மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். எக்ஸ்எஃப்சிஈயில் அதை அழுத்தும்போது மெனுவும் சேர்ந்து திறந்தால், ஐபஸ்ஸில் கன்ட்ரோல் ஸ்பேஸுக்கு மாற்றிவிடுங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான் இன்னொரு விடயம். நம் பக்கத்துப் பள்ளிக்கூட வினாத்தாள்கள், கோயில் அழைப்பிதழ்கள் என்று எத்தனையோ பழைய ஆவணங்கள் பாமினியில் இருக்கின்றன. அது, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோட் முறை அல்ல. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணக்கில் திறந்தால், அம்மா என்று தெரிய வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஃபைல் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் தமிழ் தெரியும். இதுவும் அந்தக் கணக்குக்கு மட்டும்தான் ஏறும். மகளின் கணக்கில் தெரிந்த வினாத்தாள் அம்மாவின் கணக்கில் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

குழம்பினால்

எக்ஸ்எஃப்சிஈயில் பெனல் காணாமல் போனால், ஆல்ட், எஃப்2 அழுத்தி வரும் பெட்டியில் எக்ஸ்எஃப்சிஈ4, சிறுகோடு, பெனல் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். சினமன் உறைந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப். திறந்திருக்கும் வேலை போகாமல் சினமன் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் சரிவராவிட்டால் பெனலில் வலது கிளிக் செய்து, ட்ரபிள்ஷூட் என்பதில் எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகலாம்.

எக்ஸ்எஃப்சிஈ முழுதாகவே குழம்பினால், அதே கணக்கில் சினமனாக நுழையுங்கள். ஃபைல் மனேஜரில் கன்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். கொன்ஃபிக்குக்குள் இருக்கும் எக்ஸ்எஃப்சிஈ4 ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். அடுத்த முறை எக்ஸ்எஃப்சிஈயில் நுழையும்போது புத்தம் புதிதாகத் தொடங்கும். பழையதிலிருந்து வேண்டியது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சூழலை எடுத்துவிட விரும்பினால், சினாப்டிக்கில் அந்த மெட்டா பேக்கேஜை நீக்கிய பிறகு ஸ்டேட்டஸ் பக்கத்தில், தானாக நீக்கக்கூடியவை என்ற பிரிவைப் பாருங்கள். நீக்குவதற்கு முன் வரும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள். அதில் நீங்கள் பாவிக்கும் சூழலின் பெயரோ, லைட்டிஎம்மோ, நெட்வொர்க் மனேஜரோ இருந்தால் கான்சல். டிஸ்க்கில் இடம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: அப்படியே விடுங்கள். பாவிக்காத சூழல் டிஸ்க்கில் இடம் பிடிக்குமே தவிர ராமைத் தின்னாது. எங்கள் வீட்டில் மாட்டேயும் அப்படித்தான் ஏறியிருக்கிறது. வவுணதீவில் இருந்து பெரியம்மாவின் பேரன் விடுமுறைக்கு வரும்போது அவனுக்கென்று ஒன்று வேண்டுமே.